மூன்றாம் மாத விசிட்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில் ஆபீஸ் வேலை" என்று சொல்லிவிடுகிறேன். கிளினிக்கல் புராஜெக்ட் மேனேஜர் என்பதை விளக்கி முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். தெற்கத்தி மாவட்டம் ஒன்றில் கண் நோய்களுக்காக இயங்கும் அறக்கட்டளை எங்களுடையது. சிகிச்சை ஒரு கட்டடத்தில், ஆராய்ச்சி பக்கத்துக் கட்டடத்தில். ஆய்வு எப்படி நடக்கவேண்டும் என்ற புராட்டகாலை எழுதுவது டாக்டர்கள், பணம் தருவது வெளியூர்க்காரர்கள், அனுமதி தருவது எத்திக்ஸ் கமிட்டி, கணக்குப் போடுவது புள்ளியியலாளர். இவர்கள் கையில் நிற்காமல் வழிகிற வேலையெல்லாம் என் மேஜைக்கு வரும். அதில் முக்கால்வாசி ஒரே வேலைதான்: ஆய்வில் சேர்ந்த ஆளைச் சொன்ன தேதிக்குத் திரும்ப வரவைப்பது.

*

கருவிழிப் புண் யாருக்கு வருகிறது என்பதற்குப் பதிவேட்டைப் புரட்டினாலே போதும். கதிர் அறுக்கையில் நெல் தாள் குத்தியது. கரும்புச் சோகை கீறியது. பால் கறக்க உட்கார்ந்தபோது மாடு வாலால் அடித்தது. வேலிமுள் வெட்டும்போது தெறித்தது. காயம் சின்னதுதான். அந்த வழியாகப் பூஞ்சை உள்ளே போய்விடுகிறது. உறுத்தல் என்று இரண்டு நாள் விடுவார்கள், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது ஒரு சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் போச்சு. எங்களிடம் வரும்போது கருவிழியில் வெள்ளை படர்ந்திருக்கும்.

இந்தப் புண்ணுக்கு நல்ல ஆதாரம் தந்த ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்ததுதான். அரவிந்த் கண் மருத்துவமனைகளும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய 'மைக்கோட்டிக் அல்சர் ட்ரீட்மென்ட் ட்ரையல்'. 2010 ஏப்ரலிலிருந்து 2011 டிசம்பர் வரை 323 பேரைச் சேர்த்தார்கள். பழைய நடாமைசினா, புதிதாக வந்த வோரிகோனசோலா என்பது கேள்வி. பழையதுதான் ஜெயித்தது. அதுவும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் பெரிது. முடிவு 2013இல் வெளியானது.

டாக்டர்கள் அந்தக் கட்டுரையில் முடிவைப் படிப்பார்கள். நான் படித்தது மருந்து விடும் அட்டவணையை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, ஒரு வாரத்துக்கு. பிறகு மூன்று வாரம் ஆகும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. முக்கிய அளவீடு மூன்றாம் மாதப் பார்வை. நாற்று நடப் போகிற பெண்ணுக்கு மணிக்கு ஒரு சொட்டை யார் விடுவது? மூன்றாம் மாதம் கண் வலி இல்லாதபோது அவர் எதற்குப் பஸ் ஏறி வரவேண்டும்?

*

யார் விடுவது என்ற அந்த முதல் கேள்வியை, எங்கள் ஆய்வின் புராட்டகால் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போனபோது கேட்டது டாக்டர் யாரும் இல்லை. கமிட்டியில் குறைந்தது 7 பேர் வேண்டும், பாதிப் பேராவது நிறுவனத்துக்கு வெளியே இருந்து வரவேண்டும், ஒருவர் சாதாரணப் பொதுமக்களில் ஒருவராக இருக்கவேண்டும் என்பது 2019ஆம் வருட விதி. எங்கள் கமிட்டியில் அந்த இடத்தில் இருப்பவர் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர். மற்றவர்கள் மருந்தின் அளவு, மாதிரி எண்ணிக்கை என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மணிக்கு ஒருதரம் சொட்டு விடணும்னு போட்டிருக்கீங்களே, பகல்ல அந்த வீட்ல யாரு சார் இருப்பா?" என்றார். அறை அமைதியாகிவிட்டது. முதல் வாரம் நோயாளியை உள்நோயாளியாக வைத்துக்கொள்வது என்று புராட்டகால் மாறியது. பட்ஜெட்டில் சாப்பாட்டுச் செலவு என்று ஒரு வரி ஏறியது. அதைக் கேட்டு வாங்குவதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை.

*

விண்டோ என்று ஒன்று உண்டு. இருபத்தொன்றாம் நாள் விசிட் என்றால் மூன்று நாள் முன்பின் இருக்கலாம். அதைத் தாண்டினால் டீவியேஷன், அதாவது புராட்டகால் மீறல். தாளில் படிக்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஊரில் முளைப்பாரி போட்டுக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்றால் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்கள் விசிட்டுக்குக் காலையில் வந்து மாலையில் போய்விடலாம் என்றாலும் "சாமி குத்தமாயிரும் தாயி, கொடி இறங்கட்டும்" என்பார்கள். நூறு நாள் வேலையில் காலையும் மதியமும் போட்டோ எடுக்கிறார்கள், அன்றைக்கு வரமாட்டார்கள். அறுப்புக் காலத்தில் வரமாட்டார்கள். அறுப்புக் காலத்தில்தான் கண்ணில் அடியும் படுகிறது.

பணம் கொடுப்பவர்களுக்கு அனுப்பும் கான்ட் சார்ட் என்ற கால அட்டவணையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. என் மேஜைக்குப் பின்னால் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. எந்த ஊரில் எப்போது பொங்கல், எப்போது பூக்குழி என்று அதில் பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆய்வைச் சரிபார்க்க மானிட்டராக வந்த பெங்களூர்ப் பையன் அது என்ன ஆவணம் என்று கேட்டான். சொன்னேன். "இதுக்கு எழுதிவச்ச எஸ்.ஓ.பி. இருக்கா மேடம்?" என்றான்.

*

விலாசம் வாங்கும் முறை. கதவு எண், தெரு என்று எழுதினால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் களப்பணியாளர் அண்ணன் எழுதுவது இப்படி: மேலத்தெரு, தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி, முன்னாடி வேப்பமரம், பக்கத்தில் ரைஸ்மில்காரர் வீடு. போன் நம்பர் மூன்று. ஒன்று நோயாளியுடையது, அது பெரும்பாலும் திருப்பூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். இரண்டாவது பக்கத்து வீடு. மூன்றாவது டீக்கடை. டீக்கடைக்குப் போன் போடும்போது ஆஸ்பத்திரியிலிருந்து என்று சொல்லக் கூடாது, இன்னாருக்குச் சொந்தக்காரர் என்றுதான் கேட்கவேண்டும். ஒருவருக்கு என்ன நோய் என்பதை ஊர் அறியவைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இந்த மூன்று நம்பருக்கும் ஒப்புதல் படிவத்திலேயே அனுமதி வாங்கிவிடுகிறோம்.

*

புள்ளியியலாளரிடம் ஒருமுறை, பதினைந்து சதவீதம் பேர் வராமல் போவார்கள் என்று வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு ஆள் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் ஆயிற்றே என்றேன். அவர் தாளில் இரண்டு வட்டம் போட்டார். வராமல் போகிறவர்களில் இரண்டு வகை. கண் நன்றாகிவிட்டதால் வேலைக்குப் போனவர்கள் ஒரு வகை. கண் மோசமானதால் எங்கள்மேல் நம்பிக்கை போய் வேறு ஆஸ்பத்திரி தேடிப் போனவர்கள் இன்னொரு வகை. ஒரு மருந்தின் பக்கம் முதல் வகையும் மற்றதன் பக்கம் இரண்டாம் வகையும் விட்டுப்போனால், மிஞ்சியவர்களை வைத்துப் போடும் கணக்கு பொய் சொல்லும். கூடுதலாகச் சேர்த்த ஆட்களிலும் அதே ஓட்டை இருக்கும். எண்ணிக்கை கூடும், பொய்யும் கூடவே கூடும்.

அதன் பிறகுதான் வராத ஒருவர் என் கண்ணுக்கு வந்த பத்துப் பேரைவிடப் பெரியவராகத் தெரிய ஆரம்பித்தார்.

*

சென்னை சேத்துப்பட்டில் இன்றைக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் வந்து பொறுப்பேற்றார். காசநோய் என்றால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைப்பது, நல்ல சாப்பாடு, நல்ல காற்று என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னையின் நெருக்கடியான பகுதிகளில் இருந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானட்டோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதிக்கு வீட்டில் வைத்தே ஒரு வருடம் அதே மாத்திரைகள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் அது கட்டுரையாக வந்தது. அவர்களுடைய குடும்பத்தினரையும் ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்குத் தொற்று அபாயம் கூடவில்லை. சானட்டோரியக் கட்டில்கள் உலகம் முழுக்கக் காலியாக இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையை எல்லோரும் அறிவியல் வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அது ஊழியர்களின் வெற்றியாகவும் தெரிகிறது. மாத்திரையை விழுங்கினாரா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார்கள். அந்தக் காலச் சென்னையில், செல்போன் இல்லாமல், குடிசை குடிசையாக. அந்த நடை இல்லாவிட்டால் 1959ஆம் வருடக் கட்டுரையை லண்டனில் யார் நம்பியிருப்பார்கள்? கட்டுரையில் ஆசிரியர் பெயர் இருக்கும், நடந்தவர்களுக்கு அதிகம் போனால் கடைசியில் ஒரு நன்றி வரி.

*

எங்களைப் போலவே இன்னொரு லாப நோக்கமில்லாத அமைப்பு, இன்னும் கடினமான இடம். டி.என்.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 2003இல் ஜெனீவாவில் தொடங்கியது, மருந்துக் கம்பெனிகள் லாபம் இல்லை என்று விட்டுவிட்ட நோய்களுக்கு மருந்து தேடுவது அதன் வேலை. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு ஃபெக்சினிடசோல் என்ற மாத்திரையை காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் சோதித்தார்கள். 394 நோயாளிகள். அதற்கு முன்பிருந்த சிகிச்சையில் ஒரு வாரத்துக்குள் 14 முறை நரம்பு வழியே மருந்து ஏற்றவேண்டும். அதற்கும் முந்தையது ஆர்சனிக் கலந்த ஊசி, அதுவே நோயாளிகளில் சிலரைக் கொன்றது. இப்போது பத்து நாள் மாத்திரை. 2018 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னது.

அந்த ஆய்வில் என் கண் நின்ற இடம், 18 மாதத் தொடர் கண்காணிப்பு. குணமான ஆளை மாதங்கள் கழித்துத் திரும்ப அழைத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டும். சாலை இல்லை, கரண்ட் இல்லை. நான் காப்புக் கட்டு, அறுப்பு என்று அலுத்துக்கொள்கிறேன்.

*

ஒப்புதல் படிவம் பற்றி. "டாக்டர் சொன்னாச் சரிதான், எங்க கைநாட்டு வைக்கணும்?" என்று கட்டைவிரலை நீட்டுகிறவர்தான் ஆபத்தானவர். பத்துக் கேள்வி கேட்டு நேரத்தைத் தின்கிறவர் நல்லவர், அவர் மூன்றாம் மாதம் நிச்சயம் வருவார். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு எந்த மருந்து விடுறீகன்னு ஒங்களுக்கே தெரியாதாக்கும்?" என்றார். தெரியாது ஐயா என்றாள் எங்கள் கோஆர்டினேட்டர். "டாக்டருக்கு?" அவருக்கும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யாரும் யாரையும் ஏமாத்த முடியாது" என்றார். மாஸ்கிங் என்பதற்கு நாங்கள் எழுதிவைத்திருந்த அரைப் பக்க விளக்கத்தை அதற்கப்புறம் நான்கு வரியாகக் குறைத்து, கமிட்டிக்குத் திருத்தத்துக்கு அனுப்பினோம்.

படிக்கத் தெரியாதவருக்குப் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் வேண்டும். அவர் எங்கள் ஊழியராக இருக்கக் கூடாது. வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவரைக் கூப்பிடுவோம். அவரும் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதால் சில நாள் இதற்கே ஒரு மணி நேரம் போகும்.

அந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கம்மம் ஒரு பாடம். பாத் என்ற அமெரிக்க லாப நோக்கமற்ற அமைப்பு 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் நடத்தியது. 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. சில சிறுமிகளின் இறப்புதான் செய்தியானது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் விடுதியில் தங்கியிருந்த பெண்களுக்கு அப்பா அம்மா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வார்டன்கள் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்ல நோக்கம், நல்ல தடுப்பூசி. அதே தடுப்பூசியைப் பற்றிய சந்தேகம் அப்புறம் பல வருடம் இந்த நாட்டில் ஓயவில்லை. பெற்றோரைத் தேடிக் கிராமத்துக்குப் போக ஆளும் நேரமும் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

*

பஸ் டிக்கெட் விவகாரம். நோயாளிக்குப் பயணப்படி கொடுத்தால் ஆடிட்டர் டிக்கெட் கேட்பார். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாக்கள் கட்டணமில்லாப் பயணச் சீட்டைப் பத்திரமாக முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வவுச்சரில் தொகை என்ன போடுவது? செலவே ஆகவில்லையே என்கிறார் ஆடிட்டர். அன்றைக்குப் போன கூலிக்கு டிக்கெட் கிடையாது சார் என்றேன். அடுத்த திட்டத்திலிருந்து பயணப்படி என்ற தலைப்பை எடுத்துவிட்டு, பயணத்துக்கும் இழந்த கூலிக்குமாக விசிட்டுக்கு ஒரு தொகை என்று கமிட்டி அனுமதியோடு போட்டுவிட்டோம். தொகை ரொம்பவும் கூடிவிடக் கூடாது, பணத்துக்காகச் சேர்ந்தார்கள் என்றாகிவிடும். கூலிக்குக் குறைந்தும் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தொகையை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஊரில் நாற்று நடவுக்கு என்ன கூலி என்று களப்பணியாளர் அண்ணனைக் கேட்டுத்தான் போட்டேன்.

*

வெளிநாட்டுப் பணம். 2020 செப்டம்பரில், அதை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில்தான் வந்து இறங்கவேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பு 20 ஆனது. ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. கடைசி விதிதான் எங்களைப் போன்றவர்களை உலுக்கியது. பல மையங்களில் நடக்கும் ஆய்வு என்றால் ஒருவர் பணம் வாங்கி மற்ற மையங்களுக்குப் பிரித்துத் தருவதுதான் வழக்கம். இப்போது ஒவ்வொரு மையமும் கொடுப்பவரோடு தனித்தனி ஒப்பந்தம் போடவேண்டும். அதற்கே ஒரு சீசன் போய்விடும், அதாவது ஓர் அறுப்பு.

விதியில் ஒரு நியாயம் உண்டு. ஆராய்ச்சியை முதன்மை வேலையாகக் கொண்ட அமைப்பில், களத்தில் தகவல் சேகரிக்கிறவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. என் சம்பளம் சேரும். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா மேடம், கவருமெண்டுக்கே தெரியுது" என்று சிரித்தார்.

*

சில்லறை:

தப்பாக எழுதினால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. ஒயிட்னர் பாட்டில் எங்கள் மாடியில் கண்ணில் படக் கூடாது.

மருந்து ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் என்று மின்வாரியம் அறிவித்தால் செக்யூரிட்டி தாத்தாவுக்குத்தான் முதல் போன். ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்றால் என்னென்ன செய்யவேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடுமையான பாதகம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போகவேண்டும். கண் ஆய்வில் இருக்கிறவரைப் பாம்பு கடித்து ஜி.எச்.சில் சேர்த்தாலும் அது பாதகம்தான். எங்களுக்குத் தெரிய வரும்போது அவர் வீடு திரும்பியிருப்பார். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'வயலில் சிக்னல் இல்லை' என்று எழுதியதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது.

மார்ச் மாதம் யாரும் என்னிடம் பேசவேண்டாம். வாங்கிய பணத்தின் செலவுக் கணக்கைக் காட்டும் யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்.

*

அடுத்த திட்டத்துக்கு மதிப்பீட்டாளர் குறிப்பு வந்திருக்கிறது. அறிவியல் நன்றாக இருக்கிறதாம். கருவிழியைப் படமெடுக்கும் புதிய கருவிக்குக் கேள்வியே இல்லாமல் சம்மதம். இரண்டு களப்பணியாளர் எதற்கு, நோயாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பினால் போதாதா, செலவு குறையுமே என்று கேட்டிருக்கிறார்.

பதிலில் போன ஆய்வின் வருகைப் பதிவை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்துப் போட்டேன். போனில் கூப்பிட்டதும் தானாக மூன்றாம் மாதம் வந்தவர்கள் ஒரு பக்கம், அண்ணன் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்துப் பார்வை அளவும் ஒன்றாக இல்லை. இரண்டாம் பக்கத்தில் மோசமான கண்கள் கூடுதல். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மருந்து இருப்பதைவிட நல்ல மருந்தாகத் தெரியும் என்று ஒரு வரி சேர்த்தேன். குறைக்கவேண்டும் என்றால் கருவியின் விலையில் பேரம் பேசலாம், விற்கிற கம்பெனி இறங்கி வரும் என்றும் எழுதினேன். டைரக்டர் அந்த வரியை அடித்துவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே போயிருக்கிறது, களப்பணியாளர் இரண்டு பேர், ஒரு பைக், மாதம் இவ்வளவு பெட்ரோல் உட்பட.